பத்தாவது ஆள்

அந்த வருஷம் மண்ணூர் பஸ் ஸ்டாப்பில் இறங்கினால் முதலில் கண்ணில் பட்டது எங்கள் பாண்டுரங்கண்ணன்தான். ஆளாக இல்லை, ஃப்ளெக்ஸில். வெள்ளைச் சட்டையின் இடது கையைத் தோள் வரைக்கும் சுருட்டி, பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, பொண்ணு பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் நர்ஸ் மஞ்சுளா ஊசியோடு குனிந்திருக்கும். கீழே கொட்டை எழுத்தில், 'நான் போட்டுக்கொண்டேன். நீங்கள்?' என்று ஒரு கேள்வி. கொரோனா இரண்டாவது தடவை வந்து ஊரையே உலுக்கிக்கொண்டிருந்த நேரம் அது. அந்தப் படத்தை நம்பித்தான் எங்கள் தெருவில் பாதிப் பேர் ஊசி போட்டுக்கொண்டோம்.

பாண்டுரங்கண்ணன் எனக்கு எதிர்வீடு. என் தையல் மெஷின் ஜன்னலோரம் இருக்கிறது. அது வெளிச்சத்துக்காகப் போட்டது. வேறு எதற்கோ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அண்ணன் நெல் போட்டுக்கொண்டிருந்த நிலத்தில் பாதி கம்பெனிக்குப் போக, மீதியில் வரிசையாக ரூம் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார். தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்துப் பையன்கள் ரூமுக்கு நாலு பேராகத் தங்கி, கம்பெனி பஸ் ஏறி ஒரகடத்துக்கும் சுங்குவார்சத்திரத்துக்கும் வேலைக்குப் போவார்கள். டே ஷிப்ட்காரன் எழுந்த பாயில் நைட் ஷிப்ட்காரன் படுப்பான். முன்பக்க ரூமில் மெஸ். அதை நடத்துவது வனமாமலையும் அவர் பெண்டாட்டி செல்லக்கனியும். நாங்குநேரிப் பக்கத்து ஆட்கள். வந்த புதிதில் அவர்கள் குழம்பில் தேங்காய் கூட என்று குறை சொன்னவள் நான். இப்போது கிண்ணம் எடுத்துக்கொண்டு போகிறவளும் நான்தான்.

அண்ணனுக்கும் வனமாமலைக்கும் அப்படி ஒரு சிநேகம். வாடகை வாங்குகிறவருக்கும் கொடுக்கிறவருக்கும் நடுவில் நான் வேறெங்கும் பார்த்ததில்லை. சாயங்காலம் மெஸ்ஸுக்குப் பின்னால் இரண்டு நாற்காலியைப் போட்டுக்கொள்வார்கள். இவர் 'இன்னாபா' என்பார். அவர் 'சொல்லுங்க அண்ணாச்சி' என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை நான் கேட்டதில்லை. காது கொடுக்காமல் இருந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். பேச்சே கிடையாது, இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருப்பார்கள்.

ஊசி வந்தபோது ஊரில் ஒருத்தரும் கிட்டப் போகவில்லை. வாட்ஸப்பில் ஒரு ஆள் ஊசி போட்ட இடத்தில் ஸ்பூனை ஒட்டிக் காட்டினான். நான் என் நாத்தனார் கையில் ஸ்பூனை வைத்துப் பார்த்தேன். அவள் ஊசியே போட்டுக்கொள்ளவில்லை, ஆனாலும் வேர்வைக்கு ஒட்டியது. அதையும் ஊர் முழுக்கச் சொன்னேன். ஊசி போட்டால் சரக்கு தொடக்கூடாதாமே என்று ஆம்பளைகள் கவலைப்பட்டார்கள், டாஸ்மாக் மூடிக் கிடந்த நாட்களில் கூட. கல்யாணமாகாத பையன்களுக்குப் பிள்ளை பிறக்காது என்றும் ஒரு பேச்சு இருந்தது. ஆனால் ரூம் பையன்களுக்கு இதெல்லாம் இரண்டாம்பட்சம். அவர்கள் பயந்தது காய்ச்சலுக்கு. ஊசி போட்டால் மறுநாள் காய்ச்சல், காய்ச்சல் வந்தால் லீவு, ஒரு நாள் லீவு விழுந்தால் அந்த மாசத்து அட்டென்டன்ஸ் போனஸ் மொத்தமும் போச்சு. இசக்கிபாண்டி என்று ஒரு பையன், செல்போன் கம்பெனியில் லைனில் நிற்கிறவன், என் ஜன்னலுக்கு வெளியே நின்று அவன் சிநேகிதனிடம் கேட்டான், நோய் வந்தாலாவது கம்பெனி லீவு தரும், ஊசிக் காய்ச்சலுக்கு எவன் தருவான் என்று. 

சூப்பர்வைசர்கள்தான் ஒரு வழி சொல்லி அனுப்பினார்கள். ஒரு ரூமில் பாதிப் பேர் இந்தக் கேம்ப்பில் போட்டுக்கொள்ளட்டும், மீதிப் பேர் அடுத்த கேம்ப்பில். ஒரே நாளில் எல்லாரும் படுத்துவிட்டால் லைன் நின்றுவிடும் அல்லவா. அந்த ஏற்பாடு எங்கள் வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டது. புருஷனும் பெண்டாட்டியும் ஒன்றாகப் படுத்தால் கஞ்சி யார் வைப்பது? எங்கள் வீட்டில் நான் முதலில், செக்யூரிட்டி வேலைக்குப் போகிற என் வீட்டுக்காரர் கண்ணப்பன் அடுத்தது. மெஸ்ஸில் வனமாமலை முதலில், செல்லக்கனி அடுத்தது. செல்லக்கனிக்குச் சர்க்கரை உண்டு, நீ முதலில் வா என்று மஞ்சுளா படித்துப் படித்துச் சொன்னது. அடுப்பை யாரிடம் விடுவது என்று செல்லக்கனி கேட்டுவிட்டாள். இந்த ஏற்பாட்டில் இன்னொரு சௌகரியமும் இருந்தது, அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. முதல் பாதிக்கு என்ன ஆகிறது என்று இரண்டாம் பாதி உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம்.

முதல் கேம்ப் எங்கள் பள்ளிக்கூடத்தில் நடந்தது. காலையில் ஈ, காக்கா இல்லை. அப்புறம் திடீரென்று எல்லா போனிலும் பாண்டுரங்கண்ணன் படம் வந்தது. பஞ்சாயத்து ஆபீஸ் கிளார்க் எழிலரசன் எடுத்து அனுப்பியிருந்தான், பிறகு ஃப்ளெக்ஸ் ஆனதும் அதே படம்தான். சர்க்கரை, பிபி, இரண்டும் இருக்கிற மனுஷர், அவரே போட்டுக்கொண்டார் என்றால் நமக்கென்ன என்று ஆளாளுக்குக் கிளம்பினோம். நான் போகும்போது வரிசை கேட் வரைக்கும் நின்றது. அண்ணன் எங்கே என்று கேட்டேன். அவர் எப்போதோ போட்டுக்கொண்டு போய்விட்டார் என்றார்கள்.

மறுநாள் தெருவில் ஒருத்தரும் இடது கையைத் தூக்கவில்லை. என் கை கிரைண்டர் கல் மாதிரி கனத்தது. ஜன்னலில் உட்கார்ந்திருந்தேன். எதிரே பாண்டுரங்கண்ணன் மெஸ்ஸுக்கு வந்த காஸ் சிலிண்டரை இடது தோளில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். உழைத்த உடம்பு என்று நினைத்துக்கொண்டேன். வனமாமலைக்கு மட்டும் உலகத்தில் இல்லாத வலி. மாவு ஆட்டவில்லை, குடம் தூக்கவில்லை, கையைத் தொட்டில் பிள்ளை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செல்லக்கனிதான் ஒற்றை ஆளாக ஓடியாடினாள்.

கத்திரி வெயில் முடிகிற நேரத்தில் வனமாமலைக்கு இருமல் வந்தது. அப்புறம் காய்ச்சல், அப்புறம் மூச்சு. அண்ணன்தான் கார் பிடித்து ஏற்றிக்கொண்டு போனார். எங்கெங்கோ அலைந்து கடைசியில் செங்கல்பட்டில் ஒரு பெட் கிடைத்தது. செல்லக்கனிக்குப் பரிசோதனை பண்ணினார்கள், அவளுக்கு ஒன்றுமில்லை. மெஸ் பூட்டியிருந்த நாட்களில் பையன்கள் பிஸ்கட்டையும் டீயையும் வைத்து ஷிப்ட் பார்த்தார்கள். அவர்கள் வாடின முகத்தைப் பார்க்க முடியாமல் செல்லக்கனி தனி ஆளாக அடுப்பைப் பற்ற வைத்தாள். காலையில் சமையல், மத்தியானம் கிடைத்த வண்டியில் ஏறி ஆஸ்பத்திரி வாசலில் நின்று விசாரித்துவிட்டு வருவது என்று அவள் பொழுது போனது. வனமாமலை ஆக்சிஜன் மாஸ்க்கில் இருந்தார். பேச்சு கிடையாது, கையை அசைப்பார் என்று சொன்னார்கள்.

இங்கே ஊரில் வேறு பேச்சு ஆரம்பித்தது. மெஸ் அண்ணாச்சி ஊசி போட்டும் விழுந்துட்டாரே என்றான் இசக்கிபாண்டி. ஊசி போட்டதால்தான் விழுந்தார் என்றான் பக்கத்து ரூம்காரன். சாயங்காலத்துக்குள் அது தூத்துக்குடி வரைக்கும் போய்விட்டது. பையன்கள் ஆளுக்கொரு போனை வைத்துக்கொண்டு, 'யம்மா, யாரும் போட்டுக்கிடாதீய' என்று வீட்டுக்குச் சொல்வதை நானே கேட்டேன். என் வீட்டுக்காரர், செத்தாலும் போட்டுக்கொள்ள மாட்டேன் என்று அறிவித்துவிட்டார். செல்லக்கனி யாரிடமும் எதுவும் அறிவிக்கவில்லை. மஞ்சுளா வந்து அடுத்த கேம்ப்புக்கு அழைத்தபோது குழம்பைக் கிளறிக்கொண்டே, 'அவுகளுக்கு ஆனது போதும்' என்றாளாம். மஞ்சுளா என்னிடம் வந்து அழாத குறை. அந்தச் சர்க்கரைக்கு நோய் ஒட்டினால் தாங்காதுக்கா என்றது.

இந்தச் சமயத்தில்தான் பாண்டுரங்கண்ணன் புண்ணியவானாக மாறினார். காலையில் எக்ஸெல் வண்டியை எடுத்துக்கொண்டு போய் மெஸ்ஸுக்குக் காய்கறி வாங்கி வந்தார். தண்ணீர் பிடித்துக் கொடுத்தார். சாப்பாட்டுக் கேரியர்களைக் கழுவினார், அவர் வீட்டில் குடித்த டம்ளரை எடுத்து வைத்துப் பார்த்ததில்லை நான். குன்றத்தூர் மலைக்கு வேண்டிக்கொண்டு தாடி விட்டார். ஓனர் என்றால் இவரல்லவா ஓனர் என்று தெருவே மெச்சியது. மெச்சும்போதெல்லாம் அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. வேப்பெண்ணெய் குடித்த மாதிரி. பஸ் ஸ்டாப் பக்கம் போவதை விட்டுவிட்டு ஏரிக்கரை வழியாகச் சுற்றிக்கொண்டு போனார். இது வெறும் சிநேகம் இல்லை, இதற்குள் வேறு என்னவோ இருக்கிறது என்று எனக்கு வாசனை அடித்துவிட்டது.

ஒரு மத்தியானம் அவராகவே என் வீட்டுப் படியேறினார். கையில் ஒரு வெள்ளைச் சட்டை. கை ஓரம் தையல் விட்டிருக்கிறதாம். விரித்துப் பார்த்தேன், தையல் நன்றாகத்தான் இருந்தது. ஃப்ளெக்ஸில் போட்டிருந்த அதே சட்டை. தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் சொம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காந்திமதி, உன்னாண்ட ஒண்ணு சொல்லணும். யாராண்டயும் சொல்லாத."

அவர் சொன்ன தோரணை, எல்லாரிடமும் சொல்லு என்பது மாதிரி இருந்தது. சொல்லுண்ணே என்றேன்.

"வனமாமலை ஊசி போட்டுக்கல."

நான் மெஷினிலிருந்து காலை எடுத்துவிட்டேன்.

"நானும் போட்டுக்கல" என்றார்.

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. நான் இழுத்ததும் பாதி, அவராகக் கொட்டியதும் பாதி. ஒரு குப்பியில் பத்துப் பேருக்கு மருந்து. திறந்தால் கொஞ்ச நேரத்துக்குள் போட்டு முடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வீண். அதனால் பத்துப் பேர் சேராமல் மஞ்சுளா குப்பியைத் திறக்காது. அன்றைக்குக் காலையில் முதலில் போனது அண்ணன்தான், உண்மையிலேயே போட்டுக்கொள்ளத்தான் போயிருக்கிறார். ஆள் சேரவில்லை. படம் ஒன்று போட்டால் கூட்டம் வரும் என்று எழிலரசன் யோசனை சொல்ல, மூடி கழற்றாத வெறும் ஊசியை வைத்துப் படம் எடுத்தார்கள். மூடியை மஞ்சுளாவின் விரல் மறைத்துவிட்டது. பத்துப் பேர் சேர்ந்ததும் முதல் ஊசி உங்களுக்குத்தான் அண்ணே என்றது மஞ்சுளா. படத்தை அனுப்பிவிட்டுக் காத்திருந்தார்.

"உடனே போட்டுருந்தா போட்டுகினு இருப்பேன் காந்திமதி. உக்காந்துகினே இருந்தேன். உக்கார உக்கார பயம் வந்துட்ச்சி. போன மாசம் தூக்கத்துலயே போனானே என் மச்சான், அவன் ஞாபகம் வந்துட்ச்சி. அவன் ஊசி போட்டானா இல்லியான்னு கூட எனக்கு தெரியாது."

கூட்டம் வரத் தொடங்கியதும், தண்ணீர் குடிக்கிற மாதிரி பின்கேட் பக்கம் போயிருக்கிறார். கூட்டத்தில் மஞ்சுளாவும் மறந்துவிட்டது. பின்கேட்டில் எதிரே வனமாமலை வந்துகொண்டிருந்தார், ஊசி போட்டுக்கொள்ள. படத்தைப் பார்த்துவிட்டு வந்தவர். போட்டாச்சா அண்ணாச்சி என்று கேட்டிருக்கிறார். அண்ணன் உண்மையைச் சொல்லிவிட்டார். ஊர் போட்டுக்கொள்ளட்டும், என்ன ஆகிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் நாம் இரண்டு பேரும் சேர்ந்து போய்ப் போட்டுக்கொள்ளலாம் என்று தோளில் கை போட்டு அழைத்துப் போய்விட்டார். மூடின டீக்கடைக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, இரண்டு பேரும் இடது கையைத் தேய்த்துக்கொண்டே தெருவுக்குள் வந்திருக்கிறார்கள். சிலிண்டர் தூக்கும்போதுதான் அண்ணனுக்குக் கை வலி மறந்துபோயிற்று. வனமாமலை வீட்டுக்குள்ளேயே கண்காணிப்பு இருந்ததால் மறக்காமல் நடித்தார்.

"ஆஸ்பத்திரில ஊசி போட்டாச்சான்னு கேட்டாங்க. செல்லக்கனி போட்டாச்சின்னு சொல்லுது. நான் பக்கத்துல நிக்கிறேன். வாய் வரல."

நான் கேட்டேன். "ஏண்ணே, ஊருக்கெல்லாம் ஒரு படத்த காட்டி ஏமாத்தின. அவருக்கு மட்டும் ஏன் நெசத்த சொன்ன?"

கொஞ்ச நேரம் சட்டைக் கையை மடித்து மடித்துப் பிரித்தார்.

"அவனாண்ட எப்டி பொய் சொல்றது" என்றார்.

பொய்யை நம்பினவர்கள் எல்லாரும் நன்றாக நடமாடிக்கொண்டிருந்தோம். உண்மையைக் கேட்டவர் செங்கல்பட்டில் மாஸ்க்கோடு கிடந்தார். இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், சாதாரணமாக இந்த மாதிரி விஷயம் கிடைத்தால் எனக்குத் தீபாவளி. அன்றைக்கு வரவில்லை.

அப்புறம்தான் அண்ணன் வந்த காரியத்துக்கு வந்தார். சனிக்கிழமை அடுத்த கேம்ப். செல்லக்கனி போட்டுக்கொள்ள மாட்டாள், பையன்கள் போட்டுக்கொள்ள மாட்டார்கள். வனமாமலை ஊசி போடவில்லை என்று தெரிந்தால் போட்டுக்கொள்வார்கள். அவரால் சொல்ல முடியவில்லை. நான் சொன்னால் போதும், ஒரு மணி நேரத்தில் ஊருக்கே தெரிந்துவிடும் என்றார். என் வாயைப் பற்றி ஊரில் என்ன பெயர் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதை நம்பி ஒருத்தர் வீடு தேடி வந்தது அதுதான் முதல் தடவை.

"நான் சொன்னா எவன் நம்புவான்? ஸ்பூன் ஒட்டுதுன்னு சொன்னதும் நான்தான். மெஸ்ஸுக்கு உழைக்கிற மனுஷன் மேல பழி போடுறியான்னு செல்லக்கனி தொடப்பத்த எடுத்துகினு வருவா. நீயே சொல்லுண்ணே" என்றேன்.

"அந்தப் பொண்ணு மூஞ்ச எப்டி பாக்குறது."

"இப்ப மட்டும் பாக்குறியா? கத்திரிக்காயத்தான பாத்துகினு கீற."

சட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தண்ணீர் அப்படியே இருந்தது.

சனிக்கிழமை வரைக்கும் நான் பட்ட பாடு சொல்லி மாளாது. எதிரே பார்த்தால் அண்ணன் தினமும் காய்ப் பையோடு மெஸ் வாசலில் நிற்கிறார், வாயைத் திறக்கிறார், வெண்டைக்காய் இன்றைக்குப் பிஞ்சாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் திரும்புகிறார். செல்லக்கனி ஒவ்வொரு நாளும் அவருக்கு ஒரு டம்ளர் காப்பி கொடுத்தாள். நீங்க இல்லாட்டி நான் என்ன செஞ்சிருப்பேன் அண்ணாச்சி என்று ஒரு நாள் சொன்னாள். அவர் காப்பியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். எனக்குத் தொண்டைக்குள் விஷயம் கிடந்து குதித்தது. கண்ணப்பனிடம்கூடச் சொல்லவில்லை. ஊசி போட்டால்தான் சோறு என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

சனிக்கிழமை மஞ்சுளா ஐஸ் பெட்டியோடு வந்து உட்கார்ந்தது. வந்தவர்கள் மூன்றோ நாலோ பேர், அதில் என் வீட்டுக்காரர் பசிக்குப் பயந்து வந்தவர். இசக்கிபாண்டியும் சில பையன்களும் கேட்டுக்கு வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். கேம்ப்காரர்களுக்கு டீயும் சாப்பாடும் மெஸ்ஸிலிருந்துதான், அதனால் செல்லக்கனி டீக் கேனோடு வந்திருந்தாள். ஊசிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் எதற்குப் போனேன் என்று கேட்காதீர்கள்.

கூட்டம் இல்லாததைப் பார்த்ததும் எழிலரசனுக்குப் பழைய யோசனையே வந்தது. பாண்டுரங்கண்ணனை நாற்காலியில் உட்கார வைத்தான். சும்மா கையைக் காட்டுங்கண்ணே, இன்னொரு படம் போடலாம் என்று போனைத் தூக்கினான். சிரிங்கண்ணே என்றான். அண்ணன் சிரிக்கவில்லை.

"எழிலு, போன கீழ வை" என்றார். பிறகு தலையைத் திருப்பி, "செல்லக்கனி, இங்க வாம்மா" என்றார்.

டீ கேட்கிறார் என்று நினைத்து அவள் டம்ளரில் ஊற்றிக்கொண்டு வந்தாள்.

"வனமாமலை ஊசி போட்டுக்கலம்மா. போட்டுக்கத்தான் வந்தான். நான்தான் வேணாம்னு இட்டுகினு போய்ட்டேன். நானும் போட்டுக்கல. அந்தப் படம் சும்மா எடுத்தது."

சத்தமாகவே சொன்னார், கேட் வரைக்கும் கேட்டிருக்கும். எழிலரசன், இன்னாண்ணே இது என்று முணுமுணுத்தான். மஞ்சுளா வாயில் கை வைத்துக்கொண்டது. செல்லக்கனி டம்ளரோடு நின்றாள். 

"ஆஸ்பத்திரில ஊசி போட்டாச்சான்னு கேட்டப்ப, நீங்க எம் பக்கத்துலதான நின்னீய" என்றாள்.

"நின்னேன்."

"கையி வலிக்குன்னு அவுக மாவு ஆட்டலியே." அவள் குரலில் கோபமே இல்லை. ஏதோ சாமான் காணாமல் போய் யோசித்துத் தேடுகிற மாதிரி இருந்தது. "நான் வெந்நி வச்சி ஒத்தடம் குடுத்தேனே அண்ணாச்சி."

பாண்டுரங்கண்ணன் தலை மார்பில் தொங்கியது. ஏச்சோ அடியோ வரும் என்று எதிர்பார்த்து வந்திருப்பார். அதற்குத் தயாராக இருந்திருப்பார். ஒத்தடத்துக்குத் தயாராக இல்லை.

செல்லக்கனி அந்த டீயை மஞ்சுளா மேஜையில் வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"யம்மா, எனக்குப் போடுங்க."

பத்துப் பேர் சேரணுமேக்கா என்று மஞ்சுளா தயங்கியது. செல்லக்கனி கேட்டைப் பார்த்துத் திரும்பினாள்.

"ஏலே இசக்கி, அங்க என்னத்தப் பாத்துட்டு நிக்க? வா இங்க."

சோறு போடுகிறவள் கூப்பிட்டால் பையன்கள் என்ன செய்வார்கள், ஒருத்தரை ஒருத்தர் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றபோது அவர்களும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதானே இருந்தார்கள். மஞ்சுளா தலை எண்ணியது. ஒன்பது. நான் போட்டுக்கொண்டவள், கணக்கில் சேர மாட்டேன். இன்னும் ஒருத்தர் வந்தா திறந்துடலாம் என்று அது யாரையும் பார்க்காமல் சொன்னது.

யாரும் பாண்டுரங்கண்ணனைக் கூப்பிடவில்லை. அவராக எழுந்து, நாற்காலியை விட்டுவிட்டு, வரிசையில் கடைசிப் பையனுக்குப் பின்னால் போய் நின்றார். குப்பி திறந்தது. முதலில் செல்லக்கனி, கடைசியில் அவர். ஊசி இறங்கும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டார். எழிலரசன் போனை எடுக்கவில்லை. பக்கத்தில் நின்றது நான் ஒருத்திதான். இந்தத் தடவை நிஜமாகவே இறங்குகிறதா என்று எனக்குப் பார்க்க வேண்டும்.

ஊசி போட்டவர்கள் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பது சட்டம். செல்லக்கனி முன் பெஞ்சியில் உட்கார்ந்தாள். அண்ணன் கடைசி பெஞ்சியில், கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாத பிள்ளை மாதிரி. மத்தியானத்துக்கு மேல் கூட்டம் வந்தது. மஞ்சுளா இன்னும் இரண்டு குப்பி திறந்தது என்று கேள்விப்பட்டேன். கேள்விப்பட்டேன் என்றால், அங்கேயேதான் இருந்தேன்.

மறுநாள் பாண்டுரங்கண்ணனுக்கு நல்ல காய்ச்சல். அவர் இடது கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்ததை எதிரிலிருந்து பார்த்தேன். போன தடவை ஊரே அவர் கையைப் பற்றி விசாரித்தது. இந்தத் தடவை உண்மையாகவே வலித்தது, யாரும் விசாரிக்கவில்லை. செல்லக்கனி மறுநாளிலிருந்து காய்கறிக்கு இசக்கிபாண்டியை அனுப்பினாள். அண்ணன் அப்படியும் விடாமல் ஒரு பையைக் கொண்டுபோய் வாசலில் வைப்பார். அது சாயங்காலம் வரைக்கும் அங்கேயே வாடிக் கிடக்கும். நான் எடுத்து வந்து சமைத்துவிடுவேன். நல்ல காய்.

ஆடி பிறந்த பிறகு வனமாமலை வீட்டுக்கு வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். இரண்டு வார்த்தை பேசினால் ஒரு மூச்சு வாங்கும், குடத்தைத் தூக்குவது இனி இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணன் போய் அவர் முன்னால் நின்றார். எல்லாம் நான் செய்ததுதான்பா என்றாராம். அதற்கு வனமாமலை, கைய கட்டியா இழுத்துட்டுப் போனீய, எனக்கும்தான் பயமா இருந்துச்சி என்றாராம். அதோடு அந்த மனுஷர் விஷயத்தை முடித்துவிட்டார். அதைக் கேட்டுவிட்டு வெளியே வந்த பாண்டுரங்கண்ணன் முகத்தைப் பார்த்தேன். மன்னித்துவிட்டார் என்று நிம்மதியான முகம் இல்லை அது. பழைய மாதிரி சாயங்காலம் இரண்டு நாற்காலி போட்டார்கள். செல்லக்கனி இரண்டு பேருக்கும் காப்பி கொண்டுவந்து வைப்பாள். அண்ணனிடம் பேச மாட்டாள்.

அந்த ஆடிக் காற்றில் பஸ் ஸ்டாப்பில் இருந்த ஃப்ளெக்ஸ் ஒரு பக்கம் அவிழ்ந்து அடித்துக்கொண்டிருந்தது. அதைக் கழற்றிப் போடச் சொல்லி அண்ணன் பஞ்சாயத்து ஆபீசுக்கு எத்தனையோ தடவை நடந்திருக்கிறார். இன்னும் அதைப் பார்த்து ஆள் வருதுண்ணே, இருக்கட்டும் என்று எழிலரசன் மறுத்துக்கொண்டேயிருந்தான். காற்று அவிழ்த்த பிறகு செல்லக்கனி போய்க் கேட்டாள். மெஸ்ஸுக்குப் பின்னால் மேற்கு வெயில் அவுக மூஞ்சியில அடிக்கு, மறைக்க ஒரு தட்டி வேணும் என்றாள். கொடுத்துவிட்டான்.

நான் கிண்ணத்தோடு போனபோது அதைக் கட்டி முடித்திருந்தாள். படம் உள்பக்கம் பார்த்திருந்தது. இரண்டு நாற்காலிக்கும் நேர் எதிரே, தரையிலிருந்து ஆள் உயரத்துக்கு, கையைச் சுருட்டிக்கொண்டு பாண்டுரங்கண்ணன் சிரித்தார். கீழே அந்தக் கேள்வியும் இருந்தது.

ஏன் செல்லக்கனி, வெள்ளைப் பக்கத்தை உள்ளே விட்டுக் கட்டியிருக்கக் கூடாதா என்று கேட்டேன்.

அவள் கயிற்றின் முடிச்சை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தாள்.

"படத்த வெயிலு பாக்க விட்டா சாயம் வெளுத்துரும் அக்கா" என்றாள்.

அன்றைக்குச் சாயங்காலமும் அண்ணன் வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். தட்டியைப் பார்த்தார். எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன், போகவில்லை. இன்னாபா என்றார். சொல்லுங்க அண்ணாச்சி என்றார் வனமாமலை, நடுவில் ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு.